மணியக்காரர் வீட்டு உலக்கை

வீட்டில் மிக்சி மூடி கொஞ்சம் இறுகிக்கொண்டால் "எவன் இதோட மல்லுக்கட்றது" என்று அலுத்துக்கொண்டு மாவுப் பாக்கெட் வாங்க ஓடுகிற சனம், இங்கே உலக்கை பிடித்து நெல் குத்த வரிசையில் நிற்கிறது. அதுவும் சித்திரை வெயிலில். குத்துகிறவளாவது ஒழுங்காகக் குத்துகிறாளா என்றால் அதுவும் இல்லை. இரண்டு கையாலும் தூக்க முடியாமல் தூக்கி, எதிரே நிற்கிற புருஷன் படம் எடுக்கும்வரை பல்லைக் காட்டிக்கொண்டு பிடித்திருந்து, டொப்பென்று போடுகிறாள். உரலுக்குள் விழுந்த நெல்லைவிட வெளியே சிதறிய நெல்தான் அதிகம். அதை அடுத்தவள் மிதித்துக்கொண்டு வந்து உலக்கைக்குக் கை நீட்டுகிறாள்.

"எத செய்யறதா இருந்தாலும் எவனாவது பாக்கணும். பாக்கலன்னா சோறு கூட எறங்காது போலகீது இதுங்களுக்கு" என்று வேப்பமரத்தடியில் நின்றபடி துலுக்கானம் முனகினார்.

அவர் முனகி முடிப்பதற்குள் ஒருத்தி குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து அவர் பக்கத்தில் ஒட்டி நின்றாள். "தாத்தா, கொஞ்சம் சிரிங்க. பாப்பா, தாத்தா தோள்ல கைய வெய்யி." அவளுக்கு எதிரே ஒருவன் போனை நீட்டிக்கொண்டிருந்தான். துலுக்கானத்துக்கு முதலில் விளங்கவில்லை. பிறகுதான் உறைத்தது. அந்த இடத்தில் வேலை செய்கிற ஆண்கள் அத்தனை பேருக்கும் முழங்காலுக்கு மேல் மடித்த வேட்டி, தலையில் சுற்றிய துண்டு. அவரும் அப்படித்தான் நின்றார். அவர் எழுபத்தொரு வருஷமாக அப்படித்தான் நிற்கிறார்.

"நான் இன்னா கொலு பொம்மையா? நவுரு அந்தாண்ட."

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. "செமயா நடிக்கிறாருல்ல" என்று புருஷனிடம் சொல்லிக்கொண்டே போனாள்.

பூந்தமல்லிக்கு மேற்கே பத்து ஏக்கரில் வேலி போட்டு, உள்ளே ஒரு கிராமத்தையே கட்டிவைத்திருந்தார்கள். 'அந்தக்கால ஊர்' என்று பெயர். கொல்லன் பட்டறை, செக்கு, மண்சுவர் வீடுகள், வண்டியில் பூட்டிய இரண்டு மாடு, அந்த மாட்டுக்கு ஒரு மின்விசிறி. வாசலில் நெற்றிக்குப் பொட்டு வைத்துக் கையில் மோர் கொடுத்தார்கள். ஊருக்கு நடுவில் நிஜமான பழைய வீடு ஒன்று. பெரிய தூண்கள், பெரிய முற்றம். ஊருக்கு மேட்டுப்பக்கம் புதிதாக வெட்டிய குளம், அதில் நான்கு பரிசல்கள். குளத்துக்கரையில் ஒரு கூரைக் குடிசை. எல்லோரும் குடிசையைப் பார்த்தார்கள். துலுக்கானம் குடிசையின் காலடியில் இருந்த ஈரமண்ணைப் பார்த்தார். ஆவடி பாக்டரி குவார்ட்டர்ஸில் முப்பது வருஷம் தண்ணீர் வால்வு திருப்பியவர். உள்ளே எட்டங்குல வால்வு இருக்கிறது, பேக்கிங் தேய்ந்து கசிகிறது என்று நடந்து போகும்போதே மனசில் குறித்துக்கொண்டார். அது வேலைப் பழக்கம், அவ்வளவுதான். அப்போது வேறு நினைப்பு இல்லை.

வேறு நினைப்போடுதான் அவர் இங்கே வந்தார். அது குளத்தைப் பற்றியது அல்ல.

மகன் தமிழரசு அம்பத்தூர் எஸ்டேட்டில் சூப்பர்வைசர். மருமகள் ஷோபனா காட்டுப்பாக்கத்துப் பெண். பேத்தி காவ்யா பத்தாவது முடித்துவிட்டு லீவில் இருக்கிறாள். போன வாரம் கரையான்சாவடி வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது ஷோபனா போனில் ஒரு வீடியோவைக் காட்டி, ஞாயிற்றுக்கிழமை இங்கே போகலாமா என்று கேட்டாள். வீடியோவில் வெள்ளை வேட்டி சட்டைக்காரர் ஒருவர் அந்தப் பழைய வீட்டின் முன்னால் நின்று பேசிக்கொண்டிருந்தார். "இது பூவரசந்தாங்கல் மணியக்காரர் வீடு. எங்க அப்பா. ஏரியெல்லாம் பிளாட் ஆயிடுச்சி, ஊரே போயிடுச்சி. இந்த வீட்ட மட்டும் ஒரு ஓடு விடாம பிரிச்சி இங்க கொண்டாந்து கட்டினேன்." துலுக்கானத்தின் கை சோற்றிலேயே நின்றுவிட்டது. அந்த மோவாய். அந்த மோவாயை அறுபது வருஷம் கழித்தும் எந்தக் கூட்டத்திலும் அடையாளம் காட்டுவார். "இன்னொருதபா போடு" என்றார். மூன்று தடவை போடச் சொன்னார். பிறகு "நானும் வர்றேன்" என்றார். கோயிலுக்குக் கூப்பிட்டாலே வராத கிழவர் இப்படிச் சொன்னதும் ஷோபனாவுக்குப் புரை ஏறிவிட்டது.

என்ன செய்யப் போகிறோம் என்று அவருக்குத் திட்டம் ஒன்றும் இல்லை. அந்த முகத்தைக் கிட்டத்தில் பார்க்கவேண்டும். பார்த்து, "கன்னியப்பன் திருடன் இல்லடா" என்று சொல்லவேண்டும். முடிந்தால் அவனையும் சொல்ல வைக்கவேண்டும். எச்சில் துப்புவதா வேண்டாமா என்பதைப் போகிற வழியில் முடிவு செய்துகொள்ளலாம் என்று காரில் ஏறி உட்கார்ந்தார். பூந்தமல்லியைத் தாண்டுவதற்குள் துப்புவது என்று முடிவாகிவிட்டது.

கன்னியப்பன் அவருடைய நைனா. பூவரசந்தாங்கல் சித்தேரிக்கு நீர்க்கட்டி. எந்த வயலுக்கு எந்த நாள் எவ்வளவு தண்ணீர் என்று மதகைத் திறந்து மூடுகிற வேலை. மதகு என்றால் இரண்டு கல்தூண், நடுவில் ஓட்டை போட்ட குறுக்குக்கல், அந்த ஓட்டை வழியாக நீருக்குள் இறங்குகிற ஒரு கம்பு. கம்பின் அடி பருத்துக் கூம்பியிருக்கும். அந்தக் கூம்பு அடிக்கல்லின் துளையில் உட்கார்ந்தால் தண்ணீர் நிற்கும், தூக்கினால் போகும். அவ்வளவுதான் சூத்திரம். ஆனால் அந்தக் கம்பு நைனாவைத் தவிர யார் கையிலும் இருக்கக்கூடாது. மகன் பத்து வயதில் தொட்டதற்கே முதுகில் ஒன்று வைத்திருக்கிறார்.

ஒரு பஞ்ச வருஷம். ஏரியில் கடைசியாக இருந்தது கதிர் முற்றுவதற்கு ஒரே ஒரு தண்ணீர். ஒரு நாள் விடிந்து பார்த்தால் மதகு திறந்து கிடந்தது, ஏரி வற்றிக் கிடந்தது, கம்பைக் காணவில்லை. தண்ணீர் முழுக்க மணியக்காரரின் கீழண்டைக் கழனியில் நின்றது. அதைப் பற்றி யாரும் பேசவில்லை. மணியக்காரர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "கம்பு எங்கடா? கம்பக் காட்டு, உன்ன விட்டுடறேன்." நைனாவால் எப்படிக் காட்ட முடியும்? எவனிடமோ கைநீட்டி வாங்கிக்கொண்டு மதகைத் திறந்துவிட்டுக் கம்பையும் ஒளித்துவிட்டான் என்று ஊர் முடிவு கட்டியது. வற்றிய ஏரிக்குள் மதகு வாயில் அவரை நிற்கவைத்து, ஊரில் ஆளுக்கு ஒரு பிடி சேற்றை அள்ளி அவர் மேல் வீசச் சொன்னார்கள். பெரியவர், சின்னவர், பிள்ளைத்தாய்ச்சி என்று ஒருத்தர் பாக்கியில்லை. அன்றைக்கே ஊரைவிட்டுப் போகச் சொல்லிவிட்டார்கள். ஐந்தாம் வகுப்போடு துலுக்கானத்தின் படிப்பும் போனது.

அதற்குப் பிறகு நைனா ஆவடிப் பக்கம் வந்து பைப் புதைக்கப் பள்ளம் தோண்டினார். பதினெட்டு வருஷம் தோண்டினார். ஜுரம் வந்தால் "கம்ப நான் எடுக்கல" என்பார். சாகிற அன்றைக்குக் கண்ணைத் திறந்து, "கம்பு கெடச்சுதாடா?" என்று கேட்டார். இல்லை என்று சொல்லத் துலுக்கானத்துக்கு வாய் வரவில்லை. ஆமாம் என்று பொய் சொல்லவும் வரவில்லை. அந்தப் பதிலுக்குக் காத்திருந்த முகத்தோடுதான் நைனா போனார்.

"மாமா, அடுத்தது நான்தான். கொஞ்சம் பையப் புடிங்க" என்று ஷோபனா வரிசையிலிருந்து கூப்பிட்டாள். துலுக்கானம் போய்ப் பையை வாங்கிக்கொண்டார். ஷோபனா உலக்கையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "அய்யோ, என்ன இவ்ளோ வெயிட்டு! உள்ள போய் மாட்டிக்கிது வேற" என்றாள். உரலுக்குப் பக்கத்தில் கண்டாங்கிச் சேலை கட்டி, கழுத்தில் பெயர் அட்டை தொங்கவிட்டிருந்த பெண், ஜெபா, மைக்கில் விளக்கம் சொன்னாள்.

"அந்தக் காலத்துப் பெண்கள் அவ்ளோ ஸ்ட்ராங் மேடம்! சாதாரண உலக்கை நேரா இருக்கும். இது ஸ்பெஷல். அடி கூம்பா இருக்கறதால நெல்லு உடையாது. மேல வரிசையா ஓட்டை இருக்கு பாருங்க, அதுல சலங்கை கட்டுவாங்க. களைப்பு தெரியாம இருக்க. இந்த மூணு கோடு, வீட்டுக்கு வந்த மூணு மருமகளுக்கு மூணு அடையாளம்."

கூட்டம் "ஓ" என்றது. ஷோபனா சிரித்துக்கொண்டே, "மாமா, கேட்டீங்களா, மருமகளுக்கு மரியாதைய?" என்றாள்.

துலுக்கானம் கேட்கவில்லை. அவர் உலக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கையிலிருந்த பை தரையில் விழுந்ததும் தெரியவில்லை. அடி பருத்துக் கூம்பிய ஆறடி வேங்கைக் கம்பு. மேலே ஒரு சாண் இடைவெளியில் நான்கு துளைகள். எந்தத் துளையில் ஆப்பு செருகுகிறோமோ அந்த உயரத்துக்கு மதகு திறந்திருக்கும். கீழே பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சுட்ட மூன்று கோடுகள். முழுத் தண்ணி, அரைத் தண்ணி, கால் தண்ணி. முதல் இரண்டும் நைனா போட்டவை, நூல் பிடித்தமாதிரி இருக்கும். மூன்றாவதை "நீ போட்றா" என்று ஒரே ஒரு நாள் மகன் கையில் இரும்பைக் கொடுத்தார். சூடு தாங்காமல் கை நடுங்கி, கோடு பாதியில் கோணிக்கொண்டு மேலே ஏறிவிட்டது. முதுகில் இரண்டாவது அறை வாங்கியது அன்றைக்குத்தான்.

அவர் போய் ஷோபனாவின் கையிலிருந்து அதை வாங்கி, மூன்றாவது கோட்டின்மேல் கட்டைவிரலை வைத்தார். பாதியில் கோணிக்கொண்டு மேலே ஏறியது.

 அழுகை வரும் என்று நினைத்தார். வந்தது வேறு. வாயெல்லாம் இனித்தது. வேட்டைக்காரனுக்குப் பொந்தில் வால் தெரிந்துவிட்டது.

"காவ்யா" என்று பேத்தியைக் கூப்பிட்டார். "உன் போன எட்த்துக்கோ. நான் பேசறவனத்தான் புடிக்கணும். நிறுத்தாத."

"யார தாத்தா?"

"தோ வர்றான் பாரு."

வீடியோவில் பேசிய மணியக்காரர் மகன் கோவிந்தராஜ், விருந்தாளிகளுக்கு வணக்கம் வைத்துக்கொண்டே வந்தார். நேரில் இன்னும் சிவப்பு, இன்னும் மெத்து. மோவாய் மட்டும் அப்படியே. துலுக்கானம் தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு, உடம்பைக் கொஞ்சம் குறுக்கிக்கொண்டார். அப்படிக் குறுக்கினால் இவர்கள் வாய் திறக்கும் என்று அவருக்குத் தெரியும்.

"ஐயா, இந்த ஒலக்க உங்க ஊட்டுதுங்களா?"

"ஆமாங்க பெரியவரே. இங்க இருக்கற எதுவுமே வெளிய வாங்கினதில்ல. எல்லாம் எங்க வீட்டுது."

"வேற எவன் ஊட்லயாச்சும் வாங்கியாந்ததா இருக்கப்போவுதுன்னு கேட்டேன்."

கோவிந்தராஜுக்குச் சுருக்கென்றது. கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். "எனக்கு விவரம் தெரிஞ்ச நாள்லேர்ந்து இது எங்க வீட்டுப் பரண்லதான் இருந்துச்சு. சாக்குல சுத்தி வெச்சிருப்பாரு எங்கப்பா. யாரையும் தொட விடமாட்டாரு. அவ்ளோ மதிப்பு."

"உங்களுக்கு எத்தினி வயசுலேர்ந்து?"

"ஏழெட்டு வயசு இருக்கும்."

"அதுலேர்ந்து பரண்லயே கீது."

"அதுலேர்ந்து."

துலுக்கானம் பேத்தியைப் பார்த்தார். அவள் தலையை ஆட்டினாள். அவர் உடம்பை நிமிர்த்தினார். நிமிரும்போது வயசு பத்து குறைந்ததுபோல் இருந்தது.

"இது ஒலக்கை இல்லடா கோயிந்தராஜு. சித்தேரி மதகுக் கம்பு. நான் நீர்க்கட்டி கன்னியப்பன் புள்ள. இந்தக் கம்பக் காணோம்னுதான் உங்கப்பன் எங்கப்பன சேத்துல நிக்கவெச்சான். பரண்ல வெச்சிக்கினு எங்கடா எங்கடான்னு கேட்டுக்கீறான். இப்ப நீயே உன் வாயால சொல்லிட்ட. இத்தினி பேர் சாட்சி. எங்கப்பன் திருடன் இல்லன்னு இந்த மைக்குல சொல்லு. சொல்லிட்டு மறுவேல பாரு."

கோவிந்தராஜின் முகம் ஒரு நொடி நின்றது. கன்னியப்பன் என்ற பெயரில்தான் நின்றது. துலுக்கானம் அதைக் கண்டுகொண்டார். ஆனால் அதற்குள் கூட்டம் கைதட்டிவிட்டது. நிஜமாகவே தட்டினார்கள். ஒருவன் விசில் அடித்தான். "செம டயலாக் தாத்தா!" கொலு பொம்மைக்காரி, "நான் சொன்னேன்ல, இவருதான் இங்க மெயின்" என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள்.

கோவிந்தராஜுக்கு அந்தக் கைதட்டல் போதும். முகம் பழையபடி வழவழவென்று ஆனது. அவரும் சேர்ந்து தட்டினார். ஜெபாவின் கையிலிருந்து மைக்கை வாங்கி, "இந்த மாதிரிக் கதைங்கதான் நம்ம மண்ணோட சொத்து. பெரியவருக்கு நன்றி. பந்தி ரெடியா இருக்கு, எல்லாரும் மணியக்காரர் வீட்டு முத்தத்துக்கு வாங்க" என்றார். யாரோ சங்கு ஊதினார்கள். கைதட்டிய கூட்டம் முழுவதும் ஒரே மூச்சில் சோற்றுப் பக்கம் திரும்பியது. திரும்பிய முதுகுகளில் ஒன்றுகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

தமிழரசு வந்து கையைப் பிடித்தான். "நைனா, கம்முனு வா. மானத்த வாங்காத. ஆபீஸ் ஆளுங்க வேற வந்துகீறாங்க."

"உன் தாத்தன் மானம்டா அது."

"செத்து நாப்பது வருசம் ஆச்சி நைனா. இப்ப யாரு கேக்கப்போறா?"

"நான்தான் கேக்கறேன்" என்று கையை உதறினார்.

மகன் போய்விட்டான். பசிக்கிறது என்று ஷோபனா இழுத்துக்கொண்டு போனாள். துலுக்கானம் கம்பைத் தோளில் சாய்த்துக்கொண்டு மேட்டுப்பக்கம் நடந்தார். காவ்யா மட்டும் போனோடு பின்னால் வந்தாள். பரிசல்கள் ஆளில்லாமல் கரையில் கட்டிக் கிடந்தன. பரிசல்காரன் பீடியைக் கீழே போட்டுவிட்டு, "இன்னா பெர்சு, எங்க போற?" என்றான்.

"சார்தான் சொன்னாரு."

"சாப்ட்டு வந்து பண்ணக்கூடாது?"

"அவசரமாம்."

வேட்டியும் கம்பும் இருந்ததால் அவன் அதற்குமேல் கேட்கவில்லை. சாப்பிடப் போனான்.

குடிசைக்குள் சிமெண்ட் தொட்டி, அதற்குள் வால்வு. சக்கரம் துருவேறி இறுகிக் கிடந்தது. கையால் ஒரு அங்குலம் நகரவில்லை. இதற்கு ஒரு வழிதான் உண்டு. குவார்ட்டர்ஸில் கோடைக்காலத்தில் தினமும் செய்தது. சக்கரத்தின் ஆரக்கால்களுக்கு நடுவே ஒரு கம்பைச் செருகி, உடம்புப் பாரத்தை அதன்மேல் போட்டு நெம்பவேண்டும். இத்தனை வருஷம் அவர் கடப்பாரையைத்தான் செருகினார். இன்றைக்கு நைனாவின் கம்பைச் செருகினார். கூம்பு அடிப்பக்கம் அவர் கையில் வந்து உட்கார்ந்தது.

"தாத்தா, கீழ ஆளுங்க சாப்டறாங்க" என்றாள் காவ்யா.

"தெரியும்."

"பிரச்சின ஆவும் தாத்தா."

"எங்கப்பன் தொறக்கல. தொறக்காததுக்கே அவ்ளோ வாங்கினான். நான் தொறக்கறேன். இதுக்கு இன்னா குடுக்கறாங்கன்னு பாப்போம்."

இடப்பக்கம் சாய்ந்து ஒரு நெம்பு. தோள் மூட்டில் ஏதோ கடக்கென்றது, வால்வில் ஒன்றுமில்லை. இன்னொரு நெம்பு. மூன்றாவதில் சக்கரம் கிறீச்சென்று கத்திக்கொண்டு நகர்ந்தது. அதற்குப்பிறகு கம்பு வேண்டியதில்லை. கையாலேயே சுற்றினார். பத்துச் சுற்று, பதினைந்து, இருபது. குழாய்க்குள் தண்ணீர் இரும ஆரம்பித்து, பிறகு கட்டையான ஒரே குரலில் ஓடத் தொடங்கியது. அந்தக் குரலைக் கேட்டபிறகு அவர் கையை எடுத்தார். கம்பை மறுபடியும் ஆரக்காலுக்குள் குறுக்கே செருகி, முனையைச் சுவரில் முட்டுக்கொடுத்து வைத்தார். இனி எவனாவது மூட வேண்டும் என்றால் அவரைத் தாண்டித்தான் மூடவேண்டும்.

கரைக்கு வெளியே வந்து நின்று பார்த்தார். அழகுக்காகக் கட்டிய வாய்க்கால் ஒரு சாண் ஆழம்தான். அது எட்டங்குலத் தண்ணீரைத் தாங்குமா? தெருவில் ஏறி, செக்கடியைச் சுற்றி, பள்ளம் தேடி ஓடி, மணியக்காரர் வீட்டுக்குள் நுழைந்தது. கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு அந்த வீட்டிலிருந்து ஒரே கூச்சல். கால்மடக்கி உட்கார்ந்து சாப்பிட்டவர்கள் இலையைக் கையில் ஏந்திக்கொண்டு வெளியே ஓடி வந்தார்கள். வடையும் சாம்பாரும் வாசற்படியில் மிதந்து இறங்கின. துலுக்கானம் ஒரு பொட்டுச் சிரிப்பில்லாமல் எல்லாவற்றையும் பார்த்தார். ஆள் ஆளாகப் பார்த்தார். இந்தப் பக்கம் குளம் இறங்கிக்கொண்டே வந்தது. பரிசல்கள் ஒவ்வொன்றாகச் சேற்றில் உட்கார்ந்தன. சேற்று வாடை எழுந்தது. எல்லா ஏரிச் சேற்றுக்கும் ஒரே வாடைதான்.

கோவிந்தராஜ் முழங்கால்வரை நனைந்த வேட்டியோடு ஓடி வந்தார். "யோவ், மூடுய்யா அத!" என்று கத்தியவர், ஆரக்காலுக்குள் இருந்த கம்பையும், அதற்கு முன்னால் நின்ற ஆளையும், போனைப் பிடித்திருந்த பெண்ணையும் பார்த்துக் குரலைத் தணித்தார்.

"பெரியவரே, கோபம் நியாயம்தான். எங்கப்பா என்ன செஞ்சாரு, ஏன் செஞ்சாரு, எனக்கு ஒண்ணுமே தெரியாது. சத்தியமா சொல்றேன். இப்படி ஒண்ணு நடந்ததயே இன்னிக்கிதான் கேள்விப்படறேன். தப்பு எங்க வீட்டு மேல இருந்தா மன்னிச்சிடுங்க. உங்கப்பா பேர்ல இங்க ஒரு பலகை வெக்கிறேன். பெருசா. கல்லுலயே வெக்கிறேன்."

 துலுக்கானம் கரையோரம் குனிந்து ஒரு பிடி சேற்றை அள்ளினார். கோவிந்தராஜின் வலது கையை இழுத்து விரித்து அதில் வைத்தார்.

"என்னங்க இது?"

"புடி. வீசனது ஞாபகம் கீதா?"

"ஏங்க, எனக்கு அப்ப எட்டு வயசு! அப்பா கையில குடுத்து வீசுன்னாரு, வீசினேன். ஊரே வீசுச்சி. எனக்கு என்ன..." என்றவர் அங்கேயே நிறுத்திக்கொண்டார்.

துலுக்கானம் அன்றைக்கு முதல்முறையாகச் சிரித்தார். வெற்றிலைக் கறை படிந்த பல் அத்தனையும் தெரிந்தது. "இன்னிக்கிதான கேள்விப்பட்ற? காவ்யா, புட்ச்சியா?"

கோவிந்தராஜின் முகத்திலிருந்து மெத்து வடிந்துபோனது. மோவாய் மட்டும் மிஞ்சியது. அப்படியே அவன் அப்பன். கையிலிருந்த சேற்றை உதறினார். மெதுவாகத்தான் பேசினார்.

"நீ மட்டும் வீசலியா? எங்கப்பா உன் கையிலயும்தான் குடுத்தாரு. மொதல்ல வீசினதே நீதான்யா. பெத்தவன் மேலயே புள்ள வீசிட்டான், இனிமே யாரு வேணா வீசலாம்னாரு. அப்புறம்தான் ஊர் வீசுச்சி. உங்கப்பா நெஞ்சுல வந்து விழுந்திச்சி. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு."

 காவ்யாவின் கை போனோடு மெல்லக் கீழே இறங்கியது. அவள் தாத்தாவைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. கெட்டித்துப்போன எச்சிலை விழுங்கினார். காலையில் காரில் முடிவுசெய்து வைத்திருந்த எச்சில்.  மற்றவர்கள் வீசும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொண்ட நைனா, மகன் வீசும்போது மட்டும் திறந்து வைத்திருந்தார். இதை அவர் பெண்டாட்டியிடம்கூடச் சொன்னதில்லை. இந்த உலகத்தில் இதைப் பார்த்தவன் இனி இவன் ஒருத்தன்தான்.

அவர் குடிசைக்குள் போய் ஆரக்காலிலிருந்து கம்பை உருவினார். வால்வை மூடவில்லை. கம்பைத் தோளில் போட்டுக்கொண்டு கரையிலிருந்து இறங்கினார். கோவிந்தராஜ் பின்னாலிருந்து, கூட்டம் கேட்கிறமாதிரி, பழைய குரலில் கூப்பிட்டார். "பெரியவரே, பலகை வெக்கிறேன்னு சொன்னது சொன்னதுதான். கண்டிப்பா வெப்பேன்."

"வெப்ப, வெப்ப. அதுலயும் ஒலக்கைன்னுதான் எழுதுவ" என்றார், திரும்பாமல்.

நனைந்த சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்ற ஷோபனா "மாமா" என்றாள்.  வாசலில் பொட்டு வைக்கிற பெண் பழக்கதோஷத்தில் கைகூப்பினாள். ஒரு குழந்தை, "அம்மா, உலக்கைத் தாத்தா போறாரு" என்று கையைக் காட்டியது. யாரும் தடுக்கவில்லை. பூந்தமல்லி ரோட்டில் வெயில் வெள்ளையாகக் காய்ந்துகொண்டிருந்தது. வேலிக்கு அடியில் புகுந்து வெளியே வந்த தண்ணீர், ரோட்டோரப் புழுதியை நனைத்துக்கொண்டு அவருக்கு ஒரு அடி முன்னாலேயே போய்க்கொண்டிருந்தது. இடது கை கம்பைப் பிடித்திருந்தது. வலது கையில் சேறு காய்ந்து வெடிக்கத் தொடங்கியிருந்தது. அதை வேட்டியில் துடைக்காமல், உடம்பில் படாமல் கொஞ்சம் தள்ளிப் பிடித்தபடி அவர் நடந்தார்.